கேளாமற் கட்டிய வீடு

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்று நம்மவர் சொல்வதுண்டு. தனக்கென்று ஒரு வீடு கட்டுகிறவன் படும் பாட்டைக் கருதி எழுந்த மொழி அது. பிறர் வாழ்வதற்கு வீடு கட்டிக் கொடுப்பதையே தொழிலாகக் கொள்ளப் போகிறவன் படவேண்டிய பாடு யாது என்பதைப் பற்றி அம்மொழி ஒன்றும் சொல்லவில்லை. அதிலும், அத்தொழிலைக் கற்பதற்காகச் சொந்த ஊரையும் சுற்றத்தையும் விட்டு அயல்நாட்டில் வந்து தங்கும் மாணவன் ஒருவன், தான் தங்கியிருக்கும் நாட்டு மக்களின் வாழ்க்கையை அறிந்தாக வேண்டுமா, அன்றிப் பாடத்தைப் படித்துப் பட்டத்துடன் திரும்பினாற் போதுமா? இக்கேள்வியையே இன்று நாம் ஆராய எடுத்துக்கொள்கிறோம்.

இஃது அவரவர் விருப்பத்தைப் பொறுத்த விஷயம், இதில் அறம் என்றும் மறம் என்றும் பேசுவதற்கு என்ன இருக்கிறது எனச் சிலர் கேட்கக் கூடும். இருக்கிறது என்பதே நமது துணிபு.

கணிதம் பயிலச் செல்கிறவனுக்கு இரண்டும் இரண்டும் நான்கென்பது லண்டனிலும் ஒன்றே, ஈப்போவிலும் ஒன்றே. மருத்துவம் பயிலச் செல்கிறவனுக்கு ஈரல் எந்நாட்டானுக்கும் வலப்பக்கத்திலேயே இருக்கிறது. கட்டடக்கலையோ அத்தகையதன்று. அதில் இரண்டு பாதிகள் உள்ளன. உத்திரம் எவ்வளவு பாரம் தாங்கும், சுவர் எத்தனை அங்குலம் இருக்கவேண்டும், மழைநீர் எவ்வளவு சரிவில் ஓடும் என்பவை ஒரு பாதி; இதைப் புத்தகம் கற்பிக்கும். இவ்வீட்டார் செருப்பை எங்கே கழற்றுவர், அடுப்படியில் நின்று சமைப்பரா, உட்கார்ந்து அரைப்பரா, வந்த விருந்தினரை எங்கே படுக்க வைப்பர், இறந்தவரை எவ்வளவு நேரம் கூடத்திற் கிடத்துவர், பிணத்தை எவ்வழியே எடுத்துச் செல்வர் என்பவை மற்றொரு பாதி. இது புத்தகத்தில் இல்லை, மனிதரிடத்தில் இருக்கிறது. மனிதரிடத்தில் இருப்பதை மனிதரைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். கேளாதவன் பாதிக் கலையை மட்டும் கற்றவனாவான். அந்தப் பாதியைக் கொண்டே முழு வீட்டையும் கட்டத் துணிகிறான். அதனால் விளையும் துன்பம் அவனைச் சாராது. அவன் கட்டிய வீட்டில் வாழ்கிறவரையே சாரும். ஒருவன் அறியாமையின் பயனை வேறொருவன் அனுபவிக்க நேருமிடத்தில் அறக்கேள்வி எழாமற் போகுமோ?

இனி, நமக்கு அண்மையிலுள்ள செராஸைப் பார்ப்போம். கோலாலம்பூருக்குத் தென்கிழக்கே, ஒரு பகுதி கூட்டரசுப் பிரதேசத்திலும் மற்றொரு பகுதி சிலாங்கூரிலுமாக விரிந்து கிடக்கிறது அவ்வூர். 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் காஜாங் செல்லும் இரயில் அதன் நெடுஞ்சாலையை ஒட்டித் தூண்களின்மேல் ஓடுகிறது. அங்குள்ள தாமான் கன்னாட்டில் அமைந்திருக்கும் யூ.சி.எஸ்.ஐ. பல்கலைக்கழகத்தில் மற்றத் துறைகளோடு கட்டடக்கலையும் கற்பிக்கப்படுகிறது. பல நாட்டு மாணவர்கள் அங்கு வந்து படிக்கின்றனர். கட்டடக்கலை மாணவரின் வாழ்க்கை எங்கும் ஏறத்தாழ ஒரேவிதமானதுதான். ஸ்டூடியோ என்னும் வரைகூடத்தில் இரவெல்லாம் விழித்திருந்து அட்டையை வெட்டி ஒட்டி மாதிரிக் கட்டடம் செய்வதும், விடிந்தபின் அதனை ஆசிரியர் முன் நிறுத்தி அவர் எடுத்துக்காட்டும் குறைகளைக் கேட்பதும், நள்ளிரவு கடந்து மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக் களைப்பாறுவதுமாக நாட்கள் கழியும். வாடகை வீட்டில் தம் நாட்டார் நால்வரோடு அறையைப் பங்கிட்டுக்கொண்டு, தம் மொழியிலேயே பேசி, தம் ஊர்ச் சமையலையே உண்டு, மூன்றாண்டுகளையும் கழித்துவிடுவது அவருக்கு எளிது. அவ்வாறு கழிப்பவர்கள் செராஸில் இருந்தார்கள் என்று சொல்லலாமேயன்றிச் செராஸைக் கண்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

கண்டவர்களுக்கு அங்கே பாடம் நிறைய உண்டு. புதன்கிழமை மாலைதோறும் தாமான் கன்னாட்டுத் தெருவில் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை கூடுகிறது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம் அதற்கு. நாட்டின் மிக நீண்ட இரவுச் சந்தைகளுள் ஒன்றென்று பெயர். பகலில் மோட்டார் வண்டி ஓடிய தெரு, பொழுது சாயுமுன் துணிக்கூரை போட்ட கடைவீதியாகிவிடுகிறது. நள்ளிரவுக்குப்பின் மீண்டும் வெறுந்தெருவாகிறது. அங்கே சென்று வாங்கி உண்டு திரும்புகிறவன் வயிறு நிறைந்தவனாகிறான். இரண்டு கடைகளுக்கிடையே எத்தனை அடி விட்டால் கூட்டம் நெருக்குண்ணாமல் நகர்கிறது, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியைக் கடைக்காரர் ஏன் அம்மூலையில் வைத்திருக்கிறார், மழை பிடித்துக்கொண்டால் கூரைத்துணியின் நீரை எப்பக்கம் வடிக்கிறார் என்று அவரையே கேட்கிறவனோ, எந்தச் சர்வகலாசாலையும் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்பிக்க முடியாத பாடத்தைக் கற்றவனாகிறான்.

அத்தெருவை விட்டுத் தாமான்களுக்குள்ளே நுழைந்தால் ஒன்றோடொன்று முதுகொட்டிய வரிசை வீடுகளைக் காணலாம். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு வாயிலில் சீனரின் சிவப்புப் பூசைமாடம். அடுத்ததில் மலாய்க்காரர் நீட்டிக் கட்டிய முன்தாழ்வாரம். மூன்றாவதில் நம்மவர் கட்டிய மாவிலைத் தோரணம். உள்ளே சென்று பின்கட்டைப் பார்த்தாலோ ஒவ்வொரு வீட்டாரும் தத்தமக்கேற்றபடி இடித்து மாற்றியிருப்பதைக் காணலாம். தாளிக்கும் புகை கூடத்துக்கு வராதபடி சமையற்கட்டைப் பின்சந்துவரை நீட்டியவர் உண்டு. துணி உலர்த்த இடமின்றி முன்புறத்துக்குத் தகரக்கூரை போட்டவர் உண்டு. இவ்விடிப்பும் நீட்டலும் என்ன? வீட்டை வரைந்தவர் கேட்காமல் விட்ட கேள்விக்கு வீட்டார் பிற்பாடு சொல்லிய விடையே அது. முன்பே கேட்டிருந்தால் ஒரு நாழிகைப் பேச்சோடு முடிந்திருக்கும். கேளாமையால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சில ஆயிரம் வெள்ளி செலவாயிற்று.

அயல்நாட்டு மாணவனுக்கு இவ்விஷயத்தில் ஒரு தனி வசதி உண்டென்பதை நம்மவர் பலர் கவனிப்பதில்லை. உள்ளூரான், தனக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணுகிறான். அதனால் அவன் கேட்பதில்லை. தான் பிறந்து வளர்ந்த ஊரில், "அஞ்சடி என்று ஏன் சொல்கிறீர்கள்? கடைக்கு முன்னால் அவ்வளவு இடத்தை ஏன் விட்டார்கள்?" என்று அவன் கேட்டால் ஊரார் நகைப்பர். அயலானுக்கோ அந்த நகைப்பு இல்லை. குழந்தையைப் போல எதையும் கேட்க அவனுக்கு உரிமையுண்டு; கேட்டால் மக்கள் மகிழ்ந்து சொல்வர். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடப்பதற்காகவே கடைவரிசைக்கு முன் மூடிய நடைவழி விடப்பட்டதென்றும், 1822-ஆம் ஆண்டில் ராபிள்ஸ் சிங்கப்பூர் நகரத்துக்கு வகுத்த விதிகளில் அது கட்டாயமாக்கப்பட்டதென்றும், பிறகு மலாயாப் பட்டணங்களிலும் அவ்வழக்கம் பரவியதென்றும் அவன் அறிந்துகொள்வான். அறிந்தபின், தன் நாட்டுக்குத் திரும்பிக் கடைவீதி வரையும்போது நடந்து செல்லும் ஏழையின் தலைக்குமேல் ஒரு கூரை வேண்டும் என்பது அவன் நினைவுக்கு வரும். அயல்நாட்டுப் படிப்பு ஒருவனுக்குத் தரக்கூடிய பெருஞ்செல்வம் இக்கேட்கும் பழக்கமேயாகும். அதைப் பெறாமல் திரும்புகிறவன் பெற்றது ஒரு காகிதம்.

கோலாலம்பூரிலேயே நடந்து சென்று பார்க்கக்கூடிய தூரத்தில் இதற்கு இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் 1909-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜாமெக் மசூதியை வரைந்தவர் ஆங்கிலேயரான ஹப்பக் என்பவர். வடஇந்திய மொகலாயர் பாணியில் வெங்காயக் குமிழ்களும், செங்கல்லும் வெள்ளைச் சாந்தும் மாறிமாறி அமைந்த வரிகளுமாக அது விளங்குகிறது. அழகில் அதற்குக் குறைவில்லை. ஊரார் அதனை நேசிக்கவும் செய்கின்றனர். எனினும், மலாய்க்காரர் தாமே எழுப்பிய பழைய மசூதிகள் மரத்தாலானவை, அடுக்கடுக்கான சாய்கூரை உடையவை. முஸ்லிம்களின் நாடு என்றால் மொகலாயக் குமிழ்தான் என்று அக்காலத்து ஆட்சியாளர் முடிவு செய்துவிட்டனர். மலாய்த் தச்சனுடைய வழி இன்னதென்பது அந்த முடிவில் இடம் பெறவில்லை. 1965-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேசிய மசூதியையோ, இங்கிலாந்திற் படித்துத் திரும்பிய பகாருடின் அபு காசிம் என்பவர் தலைமையில் வரைந்தனர். அதன் கூரை குமிழாக இல்லாமல் மடிப்புமடிப்பாக விரித்த குடையைப் போலிருக்கிறது. சுற்றிலும் நிழலும் காற்றும் உலவும் அகன்ற தாழ்வாரங்கள் இருக்கின்றன. மழையும் வெயிலும் மாறிமாறி அடிக்கும் நாட்டில் கடவுளைத் தொழ வருகிறவனுக்கு முதலில் வேண்டியது ஒரு குடை என்பதை அது ஒப்புக்கொள்கிறது. சீமையிற் கற்ற கணக்கு அங்கே இந்நாட்டு மழைக்கு ஊழியம் செய்கிறது.

பள்ளிவாசலை விட்டு நம்முடைய வீட்டுக்கு வருவோம். தோட்டத்தில் நம் பாட்டனும் பூட்டனும் வாழ்ந்த லயங்களை வரைந்தவர் யார்? எவரோ ஒரு கம்பெனி எஞ்சினீயர். அவர் எண்ணியது தலைக்கு இத்தனை அடி, அறைக்கு இத்தனை ஆள், வரிசைக்கு இத்தனை கதவு என்பதே. இலங்கை மலைநாட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில் ஒரு குடும்பம் முழுவதும் பிறந்து, பெருகி, மடிந்தது. வயதுவந்த மகளும் புதிதாக மணமான மகனும் ஒரே அறையில் எப்படிப் படுப்பர் என்று எவரும் கேட்கவில்லை. பால்மரம் வெட்ட விடியுமுன் எழுந்து போகிறவள் சமைக்கும் புகை எவ்வழியே போகும் என்று எவரும் கேட்கவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் நம்மவர் பட்டணத்துக்கு வந்து புறம்போக்குக் குடிசைகளிலும், தற்காலிகம் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் வைக்கப்பட்ட நீளவீடுகளிலும், பின்னர் 650 அல்லது 700 சதுர அடி அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறிய போதும் கேட்டவர் மிகச் சிலர். நூறாண்டுகளுக்கு மேலாகப் பிறர் வரைந்த கோட்டுக்குள் உடலை ஒடுக்கி வாழ்ந்த சமூகம் நம்முடையது. ஆகவே, இன்று நம் பிள்ளைகளே கோடு வரையும் தொழிலுக்குச் செல்லும்போது, அவர்கள் கேட்பவர்களாக வருவார்களா, கேளாதவர்களாக வருவார்களா என்பது நமக்கு வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று.

கேட்டுக் கட்டிய ஒருவரை இங்கே நினைவுகூர்தல் தகும். இலங்கையில் கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா என்னும் அம்மையார் 1918-ஆம் ஆண்டில் பிறந்தவர். கட்டடக்கலை பயிலப் பம்பாய்க்குச் சென்றார். அங்கே காந்தியடிகளின் விடுதலையை வேண்டி நடந்த ஊர்வலத்திற் கலந்துகொண்டு, மன்னிப்புக் கேட்க மறுத்ததற்காகக் கல்லூரியினின்றும் நீக்கப்பட்டார். பின்னர் லண்டன் சென்று படித்து, 1948-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச கழகத்தில் உறுப்புரிமை பெற்ற முதல் ஆசியப் பெண்மணியானார். நாடு திரும்பியபின், கண்டியை அடுத்த வடப்புலுவையில் 1950-களில் அரசாங்க ஊழியருக்கென இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று பல சமூகத்தாரும் குடியேறவிருந்த இடம் அது. அவர் முதலில் கோடு வரையவில்லை. குடியேறப் போகிறவர்களுக்கெல்லாம் வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, குடும்பம் எவ்வளவு பெரிது, வருமானம் எவ்வளவு, பழக்கவழக்கங்கள் எவை, என்ன தேவை என்று கேட்டார், கூடிப் பேசினார், அவ்விடைகளிலிருந்து சில வகை வீடுகளை வகுத்தார். சீமையிற் பெற்ற பட்டம் கேட்பதற்குத் தடையாக நிற்கவில்லை.

இவ்வரலாற்றில் நம்மைச் சுடும் பகுதி ஒன்றும் உண்டு. அம்மையாரின் தாயார் ஆக்னஸ் டி சில்வா பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தவர். டொனமூர் ஆணைக்குழுவினர், தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என வினவியபோது, அவர்களும் பெண்கள்தாமே என்று தயக்கமின்றி விடையளித்தவர் அவர். 1931-ஆம் ஆண்டில் அவ்வுரிமை வந்தது. ஆனால் மகள் பட்டம் பெற்ற அதே 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம், தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் அவர்களது வாக்கும் பறிபோயிற்று. வடப்புலுவையில் வினாத்தாள் போயிற்று. மலைமேலிருந்த லயங்களுக்குப் போகவில்லை. அது அரசாங்க ஊழியருக்கான திட்டமாதலின் அம்மையாரைக் குறைகூறுவதற்கில்லை. எனினும், வாக்கு இல்லாதவனிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை என்ற உண்மையை அது தெளிவாகக் காட்டுகிறது.

நம் கொள்கைக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். பாமரனுக்குத் தனக்கு வேண்டியது தெரியாது, கற்றவனுக்கே தெரியும் என்பது ஒன்று. இரும்புக் கம்பி எத்தனை வேண்டுமென்பது பாமரனுக்குத் தெரியாதென்பது மெய்தான். ஆனால் இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்கு எவ்வளவு தூரம் நடந்தாள் என்பது அத்தாய் ஒருத்திக்கே தெரியும். அறியாதவர் என்று நாம் சொல்வோரிற் பலர், கேட்கப்படாதவரே.

இரண்டாவது மறுப்பு வலியது. சீர்திருத்தம் வேண்டுவோராகிய நம்மை நோக்கியே எழுவது. மக்களைக் கேட்டுக் கட்டுவதானால் அவர்களுடைய மூடவழக்கங்களையும் சேர்த்துக் கட்ட வேண்டாவா? ஒருகாலத்தில் தோட்டங்களில் சாதிக்கொரு லயம் ஒதுக்கப்பட்டதும் மக்களின் வழக்கம் என்ற பெயராலன்றோ? வாஸ்து என்றும், தீட்டுக்காரிக்குப் புறத்தே ஒரு மூலை என்றும் அவர்கள் கேட்டால் அதையும் வரைந்து கொடுப்பதா? இதற்கு நம் விடை: கேட்பது வேறு, கீழ்ப்படிவது வேறு. யாரைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். வீட்டுத் தலைவனை மட்டும் கேட்டால் வழக்கம் பேசும். அடுப்படியில் நிற்பவளைக் கேட்டால் உண்மை பேசும். ஒதுக்கி வைக்கப்பட்டவனைக் கேட்டால் நியாயம் பேசும். எந்த வழக்கம் அவ்வீட்டில் வாழும் ஒருவரை வருத்துகிறதோ, அவ்விடத்தில் வருந்துகிறவரின் விடைக்கே முதலிடம் தரவேண்டும். கிழக்கு வாயில் காலை வெளிச்சத்துக்காக என்றால் வைத்துக்கொள்ளலாம். வேறு திசையில் வைத்தால் குடி கெடும் என்ற அச்சத்துக்காக என்றால் அந்த அச்சத்தைப் பொறுமையாகப் பேசிப் போக்குவது கற்றவனின் கடமை. சாதிக்கொரு லயம் அமைத்தவர்கள் லயத்தாரையெல்லாம் கேட்டு அமைத்தார்களென்பது பொய். கடைக்கோடி லயத்தானை அவர்கள் கேட்டதேயில்லை.

இத்துடன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்றுண்டு. நாம் விட்டுவந்த தோட்டங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் வேலை செய்கின்றனர். கோலாலம்பூரில் வானளாவும் மாடங்களை எழுப்புகிற கைகளும் பெரும்பாலும் அவர்களுடையவை. கட்டட வேலையிடத்துக் கொங்சியில் அவர்கள் தங்குகின்றனர். தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் 1990-இல் செய்யப்பட்ட தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, 2020 முதல் மற்றத் தொழில்களுக்கும் விரிந்திருக்கிறது. பலர் சேர்ந்து படுக்கும் கூடத்தில் ஆளுக்கு 3 சதுர மீட்டருக்குக் குறையாமல் இடம் வேண்டுமென்று விதி கூறுகிறது. விதி அளந்தது நன்றே. ஆனால் இன்றும் அளவு உண்டு, கேள்வி இல்லை. லயத்தில் வாழ்ந்தவரின் பேரர்களாகிய நாம் முதலாளிகளாகவும் மேற்பார்வையாளர்களாகவும் கட்டடக் கலைஞர்களாகவும் அக்கொங்சியைக் கடந்து செல்கிறோம். நம் பாட்டனிடம் எவரும் கேட்கவில்லையென்று குறைப்படும் நாம், அவர்களிடம் கேட்டோமா? செராஸில் புத்தகத்தோடு தங்கியிருக்கும் அயல்நாட்டு மாணவனும், கரண்டியோடு தங்கியிருக்கும் அயல்நாட்டுக் கொத்தனும் ஒரே மாமாக் கடையில் அடுத்தடுத்த மேசையில் அமர்கின்றனர். மாணவன் திரும்பி, சாந்து குழைக்கும் விதத்தையும் அவன் உறங்கும் இடத்தையும் கேட்பானாயின், அன்றிரவு கற்றது ஸ்டூடியோவிற் கற்றதற்குக் குறைந்ததாக இராது.

ஆகவே பெற்றோர்க்கு நாம் சொல்வது இதுவே. பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பும்போது, நம்மவரோடேயே இரு, வேறு எவரோடும் பழகாதே என்று சொல்லி அனுப்பாதீர். பழகினாற் கெட்டுப்போவான் என்பது கற்பனை. பழகாமற் போனாலோ அரைகுறைக் கலைஞனாவான் என்பது உறுதி. கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் செலுத்தும் பணம் முழுப் படிப்புக்காகவே இருக்கட்டும். அவன் அல்லது அவள் விடுமுறைக்கு வீடு திரும்பும்போது எத்தனை புள்ளிகள் வாங்கினாய் என்று கேட்பதோடு நிறுத்தாமல், யார் யார் வீட்டுக்குள் போனாய், அவர்களை என்ன கேட்டாய், அவர்கள் என்ன சொன்னார்கள் என்றும் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் நம் வீட்டைக் கட்டும் வேலையை நம்பி ஒப்படைக்கலாம்.